திரும்ப மறுத்த கட்டைகள்: விழும் கட்டை ஆட்டம் ஒன்றுக்குச் சுழற்சி விதி வகுத்த நிகழ்வு ஆய்வு

## பின்னணி

நிரலாக்கம் பழகும் சிறு குழு ஒன்று பயிற்சிக்காக விழும் கட்டை ஆட்டம் ஒன்றைச் செய்ய எடுத்துக்கொண்டது. நிரல் எழுதியவர் ஒருவர், திரையையும் ஒலியையும் பார்த்துக்கொண்டவர் ஒருவர், ஆடிப் பார்த்துக் குறை சொல்லச் சிலர். விதிகளை எழுத்தில் வைத்து, நிரல் அதன்படி நடக்கிறதா என்று சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. விற்பனை நோக்கம் கிடையாது. கைபேசியில் விரலாலும் கணினியில் விசைப்பலகையாலும் ஆட முடிய வேண்டும் என்பது மட்டும் முதலிலேயே முடிவாகியிருந்தது.

மாதிரி எல்லாருக்கும் தெரிந்ததுதான். அலெக்ஸி பஜித்னோவ் 1984-இல் மாஸ்கோவில் எலெக்ட்ரோனிகா 60 கணினியில் எழுதிய டெட்ரிஸ். 10 கட்ட அகலம், 20 கட்ட உயரம் கொண்ட பலகை. நான்கு நான்கு கட்டங்கள் ஒட்டிய ஏழு கட்டைகள்: ஐ, ஓ, டி, எஸ், இசட், ஜே, எல். வரிசை நிரம்பினால் மறையும்.

விழுவது, நகர்வது, வரிசை மறைவது, மதிப்பெண் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. சுழற்சியும் முடிந்துவிட்டதாகத்தான் குழு நினைத்தது. கட்டையை மூன்றுக்கு மூன்று பெட்டியில் வைத்து, பெட்டியை 90 பாகை திருப்பினால் போதும்; ஐ கட்டைக்கு நான்குக்கு நான்கு பெட்டி. திருப்பிய வடிவம் வேறு கட்டத்தின்மேல் விழுந்தாலோ பலகைக்கு வெளியே போனாலோ திருப்பத்தை மறுத்துவிட வேண்டும். நிரலில் இது சில வரிகள். கணக்காகப் பார்த்தால் ஒரு பிழையும் இல்லை.

## முதலில் கண்டது

ஆடிப் பார்த்தவர்களில் ஒருவர் சொன்ன முதல் குறை: "அண்ணா, திருப்பினா சில சமயம் திரும்புது, சில சமயம் திரும்ப மாட்டேங்குது." எப்போது திரும்பவில்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. பொத்தான் சரியாக அழுந்தவில்லை என்றுதான் அவர் நினைத்தார். இன்னொருவர் கைபேசி மந்தமாக இருக்கிறது என்றார். விதியின்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதனால் திருப்பம் மறுக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பு எழுதவைத்தோம்: எந்தக் கட்டை, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு, பலகையில் எங்கே, அதற்கு அடுத்து ஆட்டக்காரர் அழுத்திய மூன்று விசைகள் என்ன. இந்தக் கடைசிப் பகுதிதான் பிற்பாடு மிகவும் உதவியது. மறுக்கப்பட்டவுடன் ஒருவர் என்ன செய்கிறார் என்பதே, அவர் கட்டையை எங்கே எதிர்பார்த்தார் என்பதைக் காட்டிவிடும்.

குறிப்புகளைப் படித்தபோது மூன்று இடங்கள் திரும்பத் திரும்ப வந்தன.

முதலாவது, சுவரோரம். டி கட்டை நிமிர்ந்து, மூக்கு (நடுவில் துருத்தி நிற்கும் கட்டம்) வலப்பக்கம் பார்த்தபடி இடச்சுவரை ஒட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அது சுவரோடு ஒட்டியிருக்கிறது. ஆனால் அதன் பெட்டியில் இடப்பக்க நெடுவரிசை காலி. அந்தக் காலி நெடுவரிசை சுவருக்குள் புதைந்து கிடக்கிறது. படுக்கத் திருப்பினால் அந்த நெடுவரிசை தேவைப்படும். சுவர் இடம் கொடுக்காது, திருப்பம் மறுக்கப்படும். இதற்குப் பிறகு வந்த விசைகள் ஏறக்குறைய எப்போதும் ஒரே மாதிரி: வலப்பக்கம் ஒன்று, திருப்பு, இடப்பக்கம் ஒன்று. ஆட்டக்காரர் விரும்பியது என்ன என்பதில் ஐயமே இல்லை. ஒரே விசையில் நடக்க வேண்டியதை மூன்று விசைகளால் செய்துகொண்டிருந்தார்.

இரண்டாவது, தரை. மூக்கு மேலே பார்க்கப் படுத்திருக்கும் டி கட்டை தரையைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் திரும்பாது, ஏனென்றால் நிமிரும்போது ஒரு கட்டம் தரைக்குக் கீழே போகும். இந்த இடத்தில் வந்த விசைகள் வேறு மாதிரி: திருப்பு, திருப்பு, திருப்பு. நகர்ந்து தப்பிக்க வழியில்லாததால் பொத்தானையே தட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் கட்டை உறைந்துவிடும், அதாவது இனி அசைக்க முடியாதபடி நிலைத்துவிடும்.

மூன்றாவது, குறுகிய பள்ளம். எல், ஜே கட்டைகள் இரண்டு கட்ட அகலப் பள்ளத்துக்குள் நிமிர்ந்து இறங்கிய பிறகு திருப்ப முயல்வது. இங்கே பல சமயம் உண்மையிலேயே இடமில்லை, மறுப்பது நியாயம். ஆனால் மறுத்தோம் என்பதையாவது சொல்ல வேண்டும். ஆட்டம் வாயே திறக்கவில்லை.

## முன்னோர் செய்தவை

புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும் முன், இதே கேள்விக்கு ஏற்கெனவே சொல்லப்பட்ட விடைகளைப் படித்தோம். மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

1989-இல் நின்டெண்டோ தன் வீட்டுக் கருவிக்கு வெளியிட்ட டெட்ரிஸில் இடமில்லை என்றால் திருப்பம் இல்லை, அவ்வளவுதான். நாங்கள் முதலில் எழுதியதும் ஏறக்குறைய அதுவே. அந்த விதியைக் குறைவாக எடை போடக் கூடாது. அதை வைத்துக்கொண்டே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் போட்டி போட்டு ஆடுகிறார்கள். 2023 டிசம்பரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன், அந்த ஆட்டம் தானே உறைந்து நின்றுபோகும் இடம் வரைக்கும் ஆடிக் காட்டினான். விதி கறாராக இருந்தாலும் தெளிவாக இருந்தால் மனிதர்கள் அதற்குப் பழகிவிடுவார்கள். ஆனால் அது அழுத்தினால் அழுந்துவது தெரியும் பொத்தான்களுக்கான விதி. கண்ணாடித் திரையில் விரல் பட்டதா இல்லையா என்ற சந்தேகம் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு மறுப்பும் சேர்ந்தால் ஆட்டக்காரர் ஆட்டத்தை நம்பமாட்டார்.

1998-இல் அரிகா நிறுவனம் செய்த கிராண்ட் மாஸ்டர் ஆட்டம் இன்னொரு வழியில் போனது. இருந்த இடத்தில் திரும்பவில்லை என்றால் வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்த்திப் பார்க்கும். அதுவும் முடியவில்லை என்றால் இடப்பக்கம் ஒரு கட்டம். இப்படி நகர்த்தி இடம் தேடுவதைத்தான் ஆட்டக்காரர்கள் கிக் என்கிறார்கள். எளிய விதி, ஒரே நாளில் மனத்தில் தங்கிவிடும். ஆனால் எப்போதும் வலம் முந்துவதால், பலகையின் இடப்பாதியில் நடப்பது வலப்பாதியில் அப்படியே நடக்காது.

மூன்றாவது, 2001-இல் வந்த டெட்ரிஸ் வேர்ல்ட்ஸ் முதல் பெரும்பாலான அதிகாரபூர்வ ஆட்டங்களில் இருக்கும் எஸ்ஆர்எஸ் (சூப்பர் ரொட்டேஷன் சிஸ்டம்) என்ற சுழற்சி முறை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஐந்து இடங்கள் கொண்ட பட்டியல். முதலாவது இருந்த இடம், மற்ற நான்கும் மாற்றிடங்கள். பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்து, எது முதலில் காலியாக இருக்கிறதோ அங்கே கட்டை போய் நிற்கும். ஐந்தும் அடைபட்டிருந்தால் மட்டும் மறுப்பு.

இந்தப் பட்டியலில் ஒரு நுட்பம் உண்டு. டி கட்டை படுத்திருக்கும்போது மூன்று கட்ட அகலம். மூக்கு வலப்பக்கம் பார்த்து நிமிர்ந்தால் இரண்டு கட்ட அகலம்தான். அதாவது நிமிரும்போது அது இடப்பக்க நெடுவரிசையை விட்டுக்கொடுக்கிறது. நிமிர இடமில்லை என்றால் எங்கே தேடலாம்? தான் விட்டுவந்த அந்த இடத்திலேயே. எனவே முதல் மாற்றிடம் இடப்பக்கம் ஒன்று. திரும்பப் படுக்கும்போது இதற்கு நேர் எதிர், வலப்பக்கம் ஒன்று. மூக்கு இடப்பக்கம் பார்க்கும் நிலைக்கு இதன் கண்ணாடிப் பிம்பம். சுவர் எந்தப் பக்கம் என்று நிரல் கேட்கவே இல்லை; கட்டையின் நிலை ஒன்றை வைத்தே சரியான பக்கம் வந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்த அட்டவணையின்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

## முதல் முடிவு: அருகில் உள்ள காலி இடம்

படித்தது இவ்வளவு இருந்தும் குழு முதலில் அட்டவணையை எடுக்கவில்லை. நிரல் எழுதியவருக்கு அது மனப்பாடச் சமாச்சாரமாகப் பட்டது. "கட்டைக்கு எது பக்கமோ அங்கே வைத்தால் போதாதா, எண்களை எதற்கு அடுக்க வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. திருப்பம் அடைபட்டால் சுற்றிலும் தேடி, மிக அருகில் உள்ள காலி இடத்தில் கட்டையை வைப்பது என்று முடிவாயிற்று. மேலே தூக்குவது மட்டும் கூடாது. விழும் ஆட்டத்தில் கட்டை ஏறுவது முறையல்ல என்பது காரணம்.

சுவரோரச் சிக்கல் அன்றே தீர்ந்தது. ஆனால் வேறொன்று முளைத்தது. ஒரு ஆட்டத்தின் பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். ஐ கட்டை குவியலின்மேல் படுத்திருக்கிறது. அதன் வலக்கோடியை ஒட்டி ஒரு கட்ட அகலத்தில் ஆழமான பள்ளம். ஆடியவர் அதை நிமிர்த்தி இடப்பக்கம் கொண்டுபோக நினைத்திருக்கிறார். திருப்பியவுடன் இடவிசையை அழுத்தியது குறிப்பில் இருந்தது. ஆனால் நிமிர அடியில் இடமில்லை. சுற்றித் தேடிய நிரலுக்கு அந்தப் பள்ளம்தான் பக்கத்தில் கிடைத்தது. கட்டை இரண்டு நெடுவரிசை தாவிப் பள்ளத்துக்குள் நிமிர்ந்து நின்றது. இடவிசை அழுத்தி அழுத்திப் பார்த்தும் பக்கச்சுவர் விடவில்லை. மறுத்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

தரைச் சிக்கலோ தீரவே இல்லை, மேலே தூக்குவதைத் தடுத்திருந்தோமே. சரி என்று அதையும் அனுமதித்தபோது அடுத்த கதை. கட்டை தரையைத் தொட்டதும் உடனே உறையாமல் அரை வினாடி அவகாசம் இருந்தது. நகர்த்தினாலோ திருப்பினாலோ அவகாசம் புதிதாகத் தொடங்கும். திருப்பினால் கட்டை மேலேறும், இறங்கும், மறுபடி திருப்பினால் மறுபடி ஏறும். விரல் ஓயும்வரை கட்டை உறையாது. டெட்ரிஸ் வேர்ல்ட்ஸ் வந்த காலத்தில் எழுந்த குறையும் இதேதான். கட்டையை முடிவே இல்லாமல் சுழற்றிக்கொண்டிருக்கலாம் என்று பழைய ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள்.

இன்னொன்றும் இருந்தது, உடனே கண்ணில் படாதது. இடமும் வலமும் ஒரே தூரத்தில் காலியாக இருந்தால் எது? நிரலில் எந்தத் திசை முதலில் எழுதப்பட்டிருந்ததோ அது. யாரும் முடிவு செய்யாத ஒரு விதி, எழுதிய வரிகளின் முன்பின்னால் தானாக உருவாகியிருந்தது.

தேடல் முறையைக் கைவிட்டோம். தூரம் என்பது நிரலின் அளவுகோல். ஆடுகிறவர் மனத்தில் அந்த அளவுகோல் இல்லை. எத்தனை இடங்களைத் தேடுகிறோம் என்பதைவிட எதை முந்திப் பார்க்கிறோம், எதைப் பிந்திப் பார்க்கிறோம் என்பதே விதி என்று குழு இந்தக் கட்டத்தில்தான் ஒப்புக்கொண்டது.

## இரண்டாம் முடிவு: எந்தப் பக்கம் முதலில்

அட்டவணைக்கு வந்த பிறகும், எஸ்ஆர்எஸ்ஸை அப்படியே எடுப்பதா என்ற பேச்சு ஓய்வதற்குள் ஒரு யோசனை வந்தது. ஆட்டக்காரர் கடைசியாக எந்தப் பக்கம் நகர்த்தினாரோ அந்தப் பக்கத்தை முதலில் பார்க்கலாமே? இடப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தவர் இடப்பக்கம்தான் போக விரும்புவார். குறிப்புகளும் இதை ஆதரித்தன.

எழுதிப் பார்த்தோம். புதியவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் கொஞ்சம் வேகமாக ஆடுகிறவர்கள் தடுமாறினார்கள். ஒரே பலகை, ஒரே கட்டை, ஒரே இடம், ஒரே விசை. விளைவு மட்டும் இருவேறு. காரணம், சற்று முன் அழுத்திய ஒரு விசை. அது திரையில் எங்கேயும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வைத்து விளைவு மாறினால் கை எதையும் கற்றுக்கொள்ளாது. அந்த யோசனையை நீக்கினோம். நீக்கியதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. ஊகம் பத்தில் ஒன்பது முறை சரியாக இருந்தாலும், பத்தாவது முறை தவறும்போது ஆட்டக்காரரால் காரணம் கண்டுபிடிக்க முடியாது.

அடைபட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போகலாம் என்ற யோசனையும் வந்தது. சுவரோரம் அழகாக வேலை செய்தது. கரடுமுரடான குவியல் நடுவில் எந்தக் கட்டம் மோதியது என்பதை ஓடும் ஆட்டத்தில் யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் அதுவும் போயிற்று. கட்டையின் நிலையை மட்டும் வைத்துப் பக்கத்தைத் தீர்மானிக்கும் எஸ்ஆர்எஸ் வழியே நின்றது.

## மூன்றாம் முடிவு: தரையில் கிடக்கும் டி

அதிக நேரம் பிடித்தது இதுதான்.

எஸ்ஆர்எஸ் அட்டவணையை அப்படியே போட்டு, வெறும் தரையில் டி கட்டையைப் படுக்க வைத்து, கடிகாரத் திசையில் ஒரு முறை திருப்பினோம். இருந்த இடத்தில் முடியாது, தரை தடுக்கிறது. இடப்பக்கம் ஒன்று, அங்கும் தரை. இரண்டாவது மாற்றிடம் இடப்பக்கம் ஒன்றும் மேலே ஒன்றும், அது காலி. கட்டை நிமிர்ந்தது, ஆனால் நடுத்தண்டு ஒரு நெடுவரிசை இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. சுற்றிலும் ஒன்றுமே இல்லாத வெட்டவெளியில் கட்டை ஏன் இடப்பக்கம் போகிறது என்று புதியவர்கள் கேட்டார்கள். குறிப்புகளில் திருப்பத்தை அடுத்து வலவிசை வந்துகொண்டே இருந்தது, நகர்ந்ததை ஈடுகட்ட. அனுபவம் உள்ளவர்களோ இதைக் கவனிக்கவே இல்லை. கட்டை தரையைத் தொடும் முன்பே திருப்பி முடித்துவிடுவார்கள்.

தீர்வு கண்ணெதிரே இருந்தது. சாய்வாகப் போகும் முன் நேர் மேலே ஒன்று என்ற மாற்றிடத்தைச் செருகுவது. டி நேராக நிமிரும், தண்டு அதே நெடுவரிசையில் நிற்கும். ஐ கட்டைக்கு நேர் மேலே இரண்டு. போட்டுப் பார்த்தோம், புதியவர்களின் ஈடுகட்டும் விசைகள் ஏறக்குறைய மறைந்தன.

ஆனால் இதற்கு விலை இருந்தது. எஸ்ஆர்எஸ் பட்டியலின் கடைசி மாற்றிடம், டி நிமிரும்போது பக்கத்தில் ஒன்றும் கீழே இரண்டும். ஒதுக்கமாக ஒரு கூரை வைத்துக் கட்டிய பள்ளத்துக்குள் டி கட்டை நழுவி இறங்கி, ஒரே அடியில் மூன்று வரிசைகளை மறையச் செய்யும் வித்தை இதை நம்பித்தான் இருக்கிறது. முன்னால் உள்ள நான்கு இடங்களும் அடைபட்டால்தான் ஐந்தாவதுக்கு முறை வரும். அந்த வித்தையில் டி கட்டையின் தலைக்குமேல் பெரும்பாலும் வானம் திறந்தே இருக்கும். நேர் மேலே என்ற இடத்தை நாங்கள் முன்னால் செருகியதும், கட்டை ஒவ்வொரு முறையும் மேலேயே இடம் கண்டுவிட்டது. பள்ளத்துக்குள் இறங்கும் முறை வரவே இல்லை. ஒரு புது வரி சேர்த்தோம், பழைய வரி ஒன்றையும் தொடவில்லை. இருந்தும் பழைய வரி செத்துப்போனது.

அனுபவமுள்ள ஆட்டக்காரர் ஒருவர் அந்தப் பள்ளத்தைக் கட்டி முடித்து, டி வரும்வரை காத்திருந்து, திருப்பி, கட்டை மேலே எம்பியதைப் பார்த்துக் கைபேசியைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பல காலம் பழகிய ஒரு கைத்திறனை எங்கள் ஒற்றை வரி செல்லாததாக்கிவிட்டது.

இரண்டையும் வைத்துக்கொள்ள வழி தேடினோம். வெறும் தரையில் மட்டும் நேர் மேலே, குவியலின்மேல் சாய்வாக என்று பிரிக்கலாமா? தரைக்கும் தட்டையான குவியலுக்கும் ஆடுகிறவர் வேறுபாடு பார்ப்பதில்லை. அங்கே ஒரு விதி, இங்கே ஒரு விதி என்றால் குழப்பம் கூடும். நேர் மேலே என்பதைப் பட்டியலின் கடைசியில் வைக்கலாமா? அப்போது சாய்வு முந்திக்கொள்ளும், பழைய சிக்கல் திரும்பும். தேர்வுப் பக்கத்தில் இரண்டு விதித்தொகுப்புகளைக் கொடுக்கலாமா? புதியவர் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் அங்கேயே நிற்பார்.

முடிவில் கேள்வி அட்டவணையை விட்டு விலகி, இந்த ஆட்டம் யாருக்கு என்பதில் வந்து நின்றது. கைபேசியில் முதன்முறையாகத் தொடுகிறவருக்கு என்று குழு தீர்மானித்தது. நேர் மேலே நின்றது. எட்டாத மாற்றிடங்களைப் பட்டியலில் வைத்திருப்பது பொய் வாக்குறுதி என்பதால், கீழே இரண்டு என்பவற்றை எடுத்துவிட்டோம். படுத்ததிலிருந்து நிமிர்வதற்கான பட்டியல் இப்படி ஆனது: இருந்த இடம், விட்டுவந்த பக்கம் ஒன்று, நேர் மேலே ஒன்று, விட்டுவந்த பக்கம் ஒன்றும் மேலே ஒன்றும். நிமிர்ந்ததிலிருந்து படுப்பதற்கு: இருந்த இடம், எதிர்ப்பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கமும் கீழும், கடைசியாக நேர் மேலே ஒன்று. கூரைக்கடியில் எல், ஜே கட்டைகளை நழுவவிடும் சிறு வித்தைகள் இதில் பிழைத்துக்கொண்டன. ஆட்டத்தின் விதிப்பக்கத்தில், மூன்று வரிசை டி வித்தை இங்கே இல்லை என்று வெளிப்படையாக எழுதினோம்.

## மற்ற முடிவுகள்

எஸ், இசட் கட்டைகளுக்கு இரண்டு நிலையா நான்கு நிலையா என்று சிறிது பேசினோம். நான்கு என்றால் இரண்டு முறை திருப்பிய எஸ் ஒரு வரிசை கீழே இறங்கித் தெரியும், சிலருக்கு அது விநோதமாகப் பட்டது. இரண்டு என்றால் கடிகாரத் திசையும் எதிர்த்திசையும் ஒன்றாகி, இரு பொத்தான்களில் ஒன்று வீணாகிவிடும். நான்கையே வைத்தோம். கட்டை எங்கே போய் இறங்கும் என்று காட்டும் நிழலைச் சேர்த்த பிறகு அந்தக் குறை எழவில்லை.

முடிவில்லாச் சுழற்சிக்கு, பிற்கால அதிகாரபூர்வ ஆட்டங்களில் உள்ள வரம்பையே எடுத்தோம்: அரை வினாடி அவகாசம் புதுப்பிக்கப்படுவது 15 முறை வரைதான். கட்டை இதுவரை தொடாத தாழ்ந்த வரிசைக்கு இறங்கினால் கணக்கு மறுபடி தொடங்கும். மேலே தூக்குவதற்குத் தனி வரம்பு வேண்டும் என்று ஒருவர் கேட்டார். ஒரே வரம்பு இரண்டுக்கும் போதும் என்று கண்டதால் சேர்க்கவில்லை.

மறுப்புக்கு ஒலி கொடுத்தோம். மங்கலான சிறு தட்டு ஒலி, கட்டை இம்மி அசைந்து நிற்கும். இது சின்ன வேலை. ஆனால் பொத்தான் கெட்டுவிட்டது என்ற புகார் இதற்குப் பிறகு நின்றேபோனது. பயன் என்று பார்த்தால் அட்டவணைக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

## சரிபார்ப்பு

விதிகளைக் கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்ல முடியாது. கட்டைகள் ஏழு, நிலைகள் நான்கு, திசைகள் இரண்டு. எனவே நிரலே நிரலைச் சோதிக்கும்படி இரண்டு சோதனைகள் எழுதினோம்.

ஒன்று கண்ணாடிச் சோதனை. எப்படியோ நிரப்பிய ஒரு பலகையை எடுத்து, இடம்வலம் மாற்றி இன்னொரு பலகை செய்வது. எல்லுக்கு ஜே, எஸ்ஸுக்கு இசட், கடிகாரத் திசைக்கு எதிர்த்திசை. இரண்டிலும் திருப்பினால் விளைவுகள் ஒன்றுக்கொன்று பிம்பமாக இருக்க வேண்டும். எல்லாக் கட்டைகளும் தேறின, ஐ மட்டும் தேறவில்லை. தட்டச்சுப் பிழை என்று எண்ணி எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். பிழை இல்லை. எஸ்ஆர்எஸ்ஸின் மூல அட்டவணையிலேயே ஐ கட்டை பிம்பமாக அமையவில்லை: கடிகாரத் திசையில் நிமிரும்போது இடப்பக்கம் இரண்டு முதலில், பிறகு வலப்பக்கம் ஒன்று, எதிர்த்திசையில் இடப்பக்கம் ஒன்று முதலில், பிறகுதான் வலப்பக்கம் இரண்டு. சுவரோரம் இது தெரியாது, ஏனென்றால் அங்கே ஏதாவது ஒரு பக்கம்தான் காலி. இருபுறமும் இடமிருந்து நடுவில் அடைபட்டால்தான் வேறுபாடு வெளிவரும். அரிகா தன் பிற்கால ஆட்டத்தில் எஸ்ஆர்எஸ்ஸைச் சேர்த்தபோது இதைச் சீர்செய்திருந்தது. நாங்களும் முன்பின்னை மாற்றிப் பிம்பமாக்கினோம்.

மற்றொன்று திரும்பிவரும் சோதனை: கடிகாரத் திசையில் ஒரு முறை, எதிர்த்திசையில் ஒரு முறை திருப்பினால் கட்டை பழைய இடத்துக்கு வர வேண்டும். மாற்றிடம் தேவைப்படாதபோது இது எப்போதும் நடந்தது. மாற்றிடத்துக்குப் போன கட்டை மட்டும் சில சமயம் திரும்பவில்லை. திரும்பும் வழியிலும் முதலில் பார்ப்பது இருந்த இடத்தைத்தான். அது காலியாக இருந்தால் கட்டை அங்கேயே படுத்துவிடும், பழைய இடத்தைத் தேடிப் போகாது. எஸ்ஆர்எஸ்ஸிலும் இப்படித்தான். இதைத் திருத்த வேண்டுமானால் கட்டை தான் வந்த வழியை நினைவில் வைத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நினைவு கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்ததால் இதை அப்படியே விட்டோம். சோதனையில் இந்த வகையை விதிவிலக்காக எழுதி, காரணத்தையும் பக்கத்திலேயே குறித்துவைத்தோம்.

## விளைவு

புதிய ஆட்டக்காரர்களிடம் சுவரோர மூன்று விசைப் பழக்கம் மறைந்தது. தரையில் தட்டிக்கொண்டே இருப்பதும் குறைந்தது. மறுக்கப்படும் திருப்பங்கள் பெரும்பாலும் குறுகிய பள்ளங்களில் மட்டும் எஞ்சின; அங்கே ஒலி கேட்டதும் ஆடுகிறவர்கள் வேறு வழி பார்த்தார்கள்.

அனுபவமுள்ளவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். சிலர் புதிய பட்டியலுக்கு ஏற்ப வேறு வித்தைகளைத் தேடத் தொடங்கினார்கள். கூரைக்கடியில் எல் கட்டையை நழுவவிடும் ஒரு வழியை அவர்கள்தான் எங்களுக்குக் காட்டினார்கள். அட்டவணையை எழுதிய எங்களுக்கு அது தெரியாது. மற்றவர்கள், கை பழகிய ஆட்டத்துக்கே திரும்பிவிட்டார்கள். அவர்கள் போனது நியாயமே. விதி மாறினால் அது வேறு ஆட்டம்.

## மறுபடி செய்தால்

யாருக்கான ஆட்டம் என்ற கேள்வி மூன்றாவது முடிவில் வந்தது. அது முதல் நாளே வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் டி கட்டை பற்றிய பேச்சு இவ்வளவு நீண்டிருக்காது. அனுபவமுள்ளவர்களிடம், மூன்று வரிசை வித்தை இருக்கும் என்ற எதிர்பார்ப்பும் வளர்ந்திருக்காது.

அட்டவணையை நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்பாக வைக்க வேண்டும். இப்போது அப்படித்தான் இருக்கிறது, ஆனால் பாதி வழியில்தான் பிரித்தோம். ஒவ்வொரு மாற்றிடத்துக்கும் பக்கத்தில், எந்தச் சூழலுக்காக அது அந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறோம். புதிதாக ஒன்றைச் செருகும்போது, அதற்குப் பின்னால் உள்ளவற்றில் எதற்கு இனி முறை வராது என்று கண்டுபிடித்துச் சொல்லும் சோதனை ஒன்றும் வேண்டும். அதை இன்னும் எழுதவில்லை. அடுத்த வேலை அதுதான். அதற்குப் பிறகே 180 பாகை திருப்பும் பொத்தானைப் பற்றிய பேச்சை எடுப்பது என்று வைத்திருக்கிறோம்.